ரத்தக்கட்டி என்றார்கள், அறிக்கை வேறு சொல்கிறது

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். மன்னார்குடி பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 31 வயது. 11 வயதிலிருந்து இன்சுலின் போடுகிறான். முதல் வகை நீரிழிவு. மூன்று ஆண்டுகள் டயாலிசிஸ் செய்தோம். அந்தக் காலத்தில் ரத்தம் குறைந்தபோதெல்லாம் ஆறேழு முறை ரத்தம் ஏற்றினார்கள். தை மாதம் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில், மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுநீரகத்தையும் கணையத்தையும் சேர்த்துப் பொருத்தினார்கள். இன்சுலின் இல்லாமலே சர்க்கரை 110, 120 என்று நின்றது. இருபது வருடத்தில் முதல் தடவை. ஆறாம் நாள், லிபேஸ் என்ற கணைய நொதி ரத்தத்தில் ஏறுகிறது என்றார்கள். எட்டாம் நாள் இரவு சர்க்கரை 280. கணையத்தின் ரத்தக்குழாயில் கட்டி அடைத்துவிட்டது என்று சொல்லி, விடியற்காலையில் அறுவை செய்து கணையத்தை எடுத்துவிட்டார்கள். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, கிரியேட்டினின் 1.2.

ஊருக்கு வந்து காகிதங்களைப் புரட்டும்போது, எடுத்த கணையத்தின் பரிசோதனை அறிக்கையில் 'நிராகரிப்பின் அடையாளங்கள் உள்ளன' என்று பார்த்தேன். ரத்த வகை பொருந்தியது, கிராஸ் மேட்ச் சரியாக வந்தது, முதல் நாளே மருந்து கொடுத்தார்கள். பிறகு எப்படி? ஒரே மனிதரின் இரண்டு உறுப்புகளில் ஒன்றை ஏற்ற உடம்பு மற்றதை ஏன் ஏற்கவில்லை? டாக்டர்கள் தவறு செய்தார்களா? ஐந்தாம் நாள் அம்மா கொண்டுபோய்க் கொடுத்த ரசம் சாதம்தான் காரணம் என்று அவர் சரியாகச் சாப்பிடாமல் அழுகிறார். தம்பி வயலுக்குப் போக வேண்டும் என்கிறான். மறுபடி கணையம் வைக்க முடியுமா? என் கணையத்தில் பாதியைத் தரலாமா? 'கணையம்தான் போய்விட்டதே, சர்க்கரையைக் கூட்டுகிற இந்த மாத்திரைகளைக் குறைத்துவிடு' என்று மாமா சொல்கிறார். குறைக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். ஒரு மாத்திரையைக்கூடக் குறைக்காதீர்கள். ஒரு வேளையைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள். மாமா அக்கறையில்தான் சொல்கிறார். நிராகரிப்பைத் தடுக்கத் தரும் டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் சர்க்கரையைக் கூட்டும் என்பதும் உண்மைதான். ஆனால் தம்பியின் வயிற்றில் இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் சிறுநீரகம், கணையத்தைத் தந்த அதே மனிதருடையது. அந்த மனிதரின் திசு அடையாளங்களைத் தம்பியின் நோய் எதிர்ப்பு மண்டலம் இப்போது நன்றாக அறிந்து வைத்திருக்கிறது. அதே அடையாளங்கள் சிறுநீரகத்திலும் இருக்கின்றன. மருந்து குறைந்தால் அடுத்த அடி அதன்மேல்தான் விழும். கணையம் போன பிறகு இந்த மருந்துகளின் தேவை குறையவில்லை. என்னைக் கேட்டால் கூடியிருக்கிறது. அளவை மாற்றுவது அறுவை செய்த குழு மட்டுமே எடுக்க வேண்டிய முடிவு. இதை மாமாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

அடுத்து அம்மா. ரசம் சாதத்தால் உறுப்பு நிராகரிப்பு வராது. சோறும் ரசமும் குடலுக்குள் செரிக்கின்றன. நிராகரிப்பு ரத்தக்குழாயின் உட்சுவரில் நடக்கிறது. ஆறாம் நாள் லிபேஸ் ஏறியது என்றால், அதற்குக் காரணமான மாற்றம் அந்தச் சாதத்துக்கு முன்பே ஆரம்பித்திருக்கவும் கூடும். வாயால் சாப்பிடலாம் என்று மருத்துவர்கள் அனுமதித்த பிறகு பிள்ளைக்கு ஒரு வாய் சோறு கொடுத்தார், அவ்வளவுதான். கணையம் போனதற்கு அவர் எந்த வகையிலும் காரணமில்லை. இந்தப் பத்தியை மட்டுமாவது அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.

இனி ரத்தக்கட்டிக்கு வருகிறேன். உங்களிடம் சொன்னது பொய்யல்ல. குழாய் அடைத்ததும் உண்மை, அறிக்கை சொல்வதும் உண்மையாக இருக்கலாம். இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தம்பியின் அடுத்த பத்து ஆண்டுகள் இதைப் புரிந்துகொள்வதில்தான் இருக்கின்றன.

கணையத்துக்கு ரத்தம் ஒரே குழாய் வழியாக வருவதில்லை. வால் பக்கத்துக்கு மண்ணீரல் தமனியிலிருந்தும், தலைப் பக்கத்துக்குக் குடலுக்குப் போகும் பெரிய தமனியிலிருந்தும் வருகிறது. கொடையாளரிடமிருந்து எடுக்கும்போது இரண்டையும் வெட்டித்தான் ஆக வேண்டும். எனவே அறுவை மருத்துவர்கள் அதே கொடையாளரின் இடுப்புத் தமனியை, அது இரண்டாகப் பிரியும் கவட்டையோடு சேர்த்து எடுப்பார்கள். பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் கணையத்தை வைத்துக்கொண்டு, கவட்டையின் இரண்டு கிளைகளில் இரண்டு தமனிகளையும் மெல்லிய நூலால் தைப்பார்கள். பிறகு அடித்தண்டை நோயாளியின் இடுப்புத் தமனியில் இணைப்பார்கள். மண்ணீரலை நீக்கிவிடுவதால் அதற்குப் பாய்ந்துகொண்டிருந்த ரத்தம் நின்று, அந்தக் குழாய்களின் முனையில் ஓட்டம் மந்தமாகிவிடும். கணையம் இயல்பிலேயே குறைந்த ரத்த ஓட்டத்தில் வாழும் உறுப்பும்கூட. இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இரண்டு சிறுநீரகங்களும் பெற்றுக்கொள்ளும்போது, கணையத்துக்குக் கிடைப்பது நூற்றில் ஒரு பங்கு அளவுதான். அதனால்தான் மாற்றுக் கணையம் ஆரம்ப நாட்களில் வீணாவதற்கு முதல் காரணமாக உலகம் முழுவதும் ரத்த உறைவைச் சொல்கிறார்கள். கொடையாளரின் வயது, உடல் பருமன், உறுப்பு பனியில் கிடந்த நேரம் ஆகியவை அந்த ஆபத்தைக் கூட்டும்.

ஆனால் உறைவு என்பது நடந்த முடிவு. அது ஏன் நடந்தது என்பது தனிக் கேள்வி. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வாய்க்கால் அடைத்திருக்கிறது என்று கரையில் நின்றே சொல்லிவிடலாம். ஆகாயத்தாமரை அடைத்ததா, கரையே உள்ளுக்குள் சரிந்து அடைத்ததா என்பது இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். மாற்றுக் கணையத்தில் அந்தக் கரை, ரத்தக்குழாயின் உட்சுவர். நோயாளியின் ரத்தத்தில் கொடையாளரின் திசுவுக்கு எதிரான ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் இருந்தால், அது முதலில் போய் ஒட்டுவது அந்த உட்சுவரில்தான். ஒட்டியதும் உடலின் அழிப்புப் புரதங்கள் வரிசையாகத் தூண்டப்பட்டுச் சுவரைப் புண்ணாக்கும். புண்ணான இடத்தில் தட்டணுக்கள் குவியும், ரத்தம் உறையும். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் தெரிவது ஓட்டம் நின்றுபோன குழாய் மட்டுமே. தையலில் மடிப்பு விழுந்து அடைத்திருந்தாலும், நிராகரிப்பால் அடைத்திருந்தாலும் ஸ்கேன் படம் ஒன்றுபோலவே இருக்கும்.

இந்தத் துறையே நெடுங்காலம் கரையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தது. 1966 டிசம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வில்லியம் கெல்லியும் ரிச்சர்ட் லில்லெஹையும் முதல் கணைய மாற்றைச் செய்தார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகள், முதல் சில வாரங்களில் கணையம் அடைத்துப்போனால் அதை அறுவை நுட்பம் சார்ந்த தோல்வி என்ற கணக்கில் எழுதிவிடுவதே வழக்கம். நிராகரிப்பு என்பது பிறகு, மெதுவாக வருவது என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. எடுத்த கணையங்களை நோய்க்குறியியல் நிபுணர்கள் பொறுமையாக நுண்ணோக்கியில் பார்க்கத் தொடங்கிய பிறகுதான், அவற்றில் ஒரு பகுதியில் உறைவுக்குப் பின்னால் நிராகரிப்பு இருந்தது தெரியவந்தது. கணையத்தில் நிராகரிப்பை எப்படிப் படித்துத் தரம் பிரிப்பது என்பதற்கான, பான்ஃப் எனப்படும் சர்வதேச வரைமுறை 2008இல்தான் வெளியானது. ஆன்டிபாடி வழி நிராகரிப்புக்கான வழிகாட்டல் 2011இல் வந்தது. சிறுநீரகத்துக்கு இது மிக முன்பே வந்துவிட்டது. ஆகவே தம்பியின் அறிக்கையில் அந்த வரியை ஒருவர் பார்த்து எழுதியிருக்கிறார் என்பதையே நான் நல்ல வேலையின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறேன். பல இடங்களில் 'உறைவு, திசு அழுகல்' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அடைத்துப்போகும் எல்லாக் கணையமும் நிராகரிக்கப்பட்ட கணையம் அல்ல. பெரும்பாலானவை அறுவை, கொடையாளர், உறுப்பு பனியில் கிடந்த நேரம் தொடர்பானவையே. அறிக்கையின் முழு வாசகம் என் கையில் இல்லாமல், தம்பிக்கு நடந்தது இதுதான் என்று அடித்துச் சொல்வது முறையாகாது.

பொருத்தம் பார்த்தும், மருந்து கொடுத்தும் ஏன் என்கிறீர்கள். ரத்த வகை பொருந்துவது வேறு, திசு பொருந்துவது வேறு. பி பாசிட்டிவ் பி பாசிட்டிவோடு பொருந்துவதை ஊர் முழுவதும் அறியும். அதற்கு மேல் எச்.எல்.ஏ. என்ற திசு அடையாளங்கள் இருக்கின்றன. அவை ஆயிரக்கணக்கான வகைகள். மூளைச்சாவுக் கொடையில் அவை முழுவதும் ஒத்துப்போவது மிக அபூர்வம். எனவே நடைமுறையில் பார்ப்பது, நோயாளியின் ரத்தத்தில் இந்தக் கொடையாளருக்கு எதிரான ஆன்டிபாடி ஏற்கெனவே இருக்கிறதா என்பதைத்தான். கிராஸ் மேட்ச் அதற்கான சோதனை. கொடையாளரின் வெள்ளணுக்களோடு நோயாளியின் ரத்தநீரைக் கலந்து, அணுக்கள் சாகின்றனவா என்று பார்ப்பது பழைய முறை. ஆன்டிபாடி குறைந்த அளவில் இருந்தால் அந்த முறையில் அது தப்பிவிடக்கூடும். அணுக்களைக் கருவியில் ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஒளியால் அளக்கும் ஃப்ளோ முறையும், தனித்தனி எச்.எல்.ஏ. அடையாளம் பூசிய நுண்மணிகளைக் கொண்டு செய்யும் சோதனையும் இன்னும் நுட்பமானவை.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம், டயாலிசிஸ் காலத்தில் ஆறேழு முறை ரத்தம் ஏற்றியதாக எழுதிய வரி. ஒவ்வொரு ரத்தப் பையிலும் வேறொரு மனிதரின் வெள்ளணுக்கள் கொஞ்சமாவது இருக்கும். உடல் அவற்றின் எச்.எல்.ஏ. அடையாளத்தைப் பார்த்து எதிர்ப்பை உருவாக்கும், பிறகு ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும். ரத்தத்தில் ஆன்டிபாடி மறைந்துபோன பிறகும் நினைவுச் செல்கள் மிஞ்சியிருக்கும். வழக்கமான சோதனைகளில் பிடிபடாத அந்த நினைவு, அதே அடையாளம் கொண்ட உறுப்பு உள்ளே வந்ததும் சில நாட்களிலேயே விழித்துக்கொள்ளும். முதல் வாரத்தின் கடைசியில், இரண்டாம் வாரத் தொடக்கத்தில் வரும் வேகமான நிராகரிப்புக்கு இது ஒரு முக்கிய வழி. முதல் நாளில் கொடுக்கும் வலுவான ஊசி பெரும்பாலும் டி செல்கள் என்ற வெள்ளணுக்களை ஒடுக்குவது. ஆன்டிபாடியை உற்பத்தி செய்துகொண்டிருக்கும் செல்களை அது அவ்வளவாகத் தொடாது. மருந்து கொடுத்தும் நடந்ததே என்பதற்கு இது ஒரு விடை.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ரத்தம் ஏற்றுவதை முடிந்தவரை தவிர்த்து, ரத்த உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்டின் ஊசியாலும் இரும்புச்சத்து ஊசியாலும் சமாளிக்க வேண்டும் என்று சிறுநீரக மருத்துவர்கள் மன்றாடுவது இதனால்தான். உயிர் காக்க ரத்தம் தேவைப்படும் நேரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஹீமோகுளோபின் ஏழு என்றவுடன் ஒரு பாட்டில் ஏற்றிவிடு என்ற பழக்கம் நம் பகுதி டயாலிசிஸ் மையங்களில் இன்னும் இருக்கிறது. மாற்று உறுப்புக்குக் காத்திருப்பவருக்கு அது பின்னாளில் எவ்வளவு விலை வைக்கிறது என்பதைத் தம்பியைப் போன்றவர்களிடம்தான் பார்க்கிறேன். இந்தப் பகுதியை வாசிக்கும் மற்ற டயாலிசிஸ் குடும்பங்களும் இதைத் தங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. இருபது ஆண்டுகள் நீரிழிவோடு இருந்தவர்களில் பலருக்கு வயிற்றின் நரம்புகள் தளர்ந்து, உணவும் மாத்திரையும் வயிற்றிலேயே தேங்கும். விழுங்கிய டாக்ரோலிமஸ் ஒரு நாள் ஏறும், மறுநாள் ஏறாது. அந்த முதல் வாரத்தில் ரத்தத்தில் மருந்து அளவு என்னவாக இருந்தது என்பதை நாள்வாரியாகப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

சிறுநீரகம் தப்பியது எப்படி என்ற உங்கள் கேள்வி மிக நல்ல கேள்வி. ஒரே கொடையாளரிடமிருந்து சிறுநீரகமும் வந்திருந்தால், அதில் நிராகரிப்பு இல்லை என்பதைக் கொண்டு கணையத்திலும் இல்லை என்று அனுமானிப்பதே வெகுநாள் வழக்கம். கிரியேட்டினின் ஏறவில்லை, ஆகவே கணையமும் நலம் என்பார்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் பயாப்ஸி எடுத்துப் பார்த்தபோது அந்த அனுமானம் எப்போதும் சரியாக இல்லை என்று தெரிந்தது. ஒன்றில் நிராகரிப்பு இருந்து மற்றதில் இல்லாமல் இருப்பது நடக்கிறது. கணையத்தோடு சேர்த்து வைக்கும் சிறுகுடல் துண்டில் எதிர்ப்பணுத் திசு நிறைய இருப்பதும், ஏற்கெனவே சொன்ன மந்தமான ரத்த ஓட்டமும் கணையத்தைப் பலவீனமாக்குகின்றன. உட்சுவரில் விழும் அதே அளவுக் காயத்தைச் சிறுநீரகம் வேகமான ஓட்டத்தால் தாங்கிக்கொள்ளும், கணையம் உறைந்துபோகும்.

மருத்துவர்கள் தவறு செய்தார்களா? நீங்கள் எழுதியதை வைத்து, கணையத்தை எடுத்தது சரியான முடிவு என்று தயங்காமல் சொல்வேன். குழாய் முழுவதும் அடைத்து உயிரிழந்த கணையத்தை உள்ளே விட்டால் கிருமி பரவும், சிறுநீரகம் போகும், உயிரும் போகும். சர்க்கரை ஏறும்வரை ஏன் காத்திருந்தார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். மாற்றுக் கணையத்தில் சர்க்கரை ஏறுவது கடைசி அறிகுறி. முதலில் அடிவாங்குவது செரிமான நொதி சுரக்கும் பகுதி, அதனால் லிபேஸும் அமைலேஸும் முதலில் ஏறும். இன்சுலின் சுரக்கும் தீவுச் செல்கள் பிறகுதான் பாதிக்கப்படும். ஆனால் பனியிலிருந்து எடுத்துப் பொருத்திய கணையம் வீங்குவதாலும் முதல் வாரத்தில் லிபேஸ் ஏறும். எது என்று பிரிக்க பயாப்ஸி வேண்டும். அப்போதோ உறைவைத் தடுக்க ரத்தத்தை இளக்கும் மருந்து ஓடிக்கொண்டிருக்கும், ஊசி குத்தினால் ரத்தக்கசிவு பயம். அந்த இக்கட்டில் நானும் பல குடும்பங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. எளிதான நேரமல்ல அது.

ஆனால் ஒன்றைக் குறை என்றே சொல்வேன். நிராகரிப்பு என்று அறிக்கை வந்த அன்று, உங்களை அழைத்து உட்கார வைத்து அதைச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுத் திண்ணையில் காகிதம் புரட்டும்போது நீங்களாகக் கண்டுபிடிக்க விட்டிருக்கக் கூடாது.

இப்போது நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். கணையத்தை எடுத்த அறுவைக் குறிப்பு, கணையத்தின் முழு நோய்க்குறியியல் அறிக்கை, கிராஸ் மேட்ச் எந்த முறையில் செய்யப்பட்டது என்ற தாள், தம்பி, கொடையாளர் இருவரின் எச்.எல்.ஏ. வகை, நாள்வாரியான லிபேஸ், டாக்ரோலிமஸ் அளவுகள். 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி, நோயாளி எழுதிக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள், மரியாதையாகவே கேளுங்கள்.

நோய்க்குறியியல் அறிக்கையில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தமனிகளின் உட்சுவருக்கு அடியில் வெள்ளணுக்கள் புகுந்திருக்கின்றனவா என்பது ஒன்று. நொதி சுரக்கும் பைகளுக்கு இடையே ஓடும் நுண்குழாய்களில் சி4டி என்ற புரதம் படிந்திருக்கிறதா என்பது மற்றொன்று. சாயம் ஏற்றிய கண்ணாடித் தகட்டில் அது பழுப்பு வளையங்களாகத் தெரியும், ஆன்டிபாடி அங்கே வேலை செய்ததற்குத் தடயம். முற்றிலும் அழுகிய பகுதியில் அந்தச் சாயத்தை நம்ப முடியாது. உயிர் மிஞ்சிய பகுதியில் பார்த்தார்களா என்று கேட்க வேண்டும். எழுதாமல் விட்டிருந்தால் கவலை வேண்டாம். மெழுகில் பதித்த திசுக் கட்டிகளைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அவற்றிலிருந்து புதிதாகச் சீவி, இந்தத் துறையில் பழகிய வேறொரு நிபுணரிடம் இரண்டாம் கருத்து கேட்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது, தம்பியின் ரத்தத்தில் இப்போது கொடையாளருக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்ற சோதனை. உறுப்பை வெளியே எடுத்த பிறகு அந்த அளவு கூடுவது உண்டு. அதுவரை உறுப்பில் ஒட்டிக்கொண்டிருந்ததும் ரத்தத்தில் தெரியத் தொடங்கும். இருந்தால் சிறுநீரகத்தைக் காக்கக் குழு மருந்தைத் திருத்தும். சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் அடிக்கடி பார்ப்பார்கள். கிரியேட்டினின் 1.2 என்பது மகிழ்ச்சியான எண். ஆனால் அது ஏறும்வரை காத்திருக்க வேண்டாம்.

நம் ஊர் வாழ்க்கையில் இந்தச் சிறுநீரகத்துக்கு வரும் ஆபத்துகளைப் பற்றியும் எழுத வேண்டும். நான் அதிகம் பார்க்கும் கோளாறு மிகச் சாதாரணமானது. டாக்ரோலிமஸ் அளவைப் பார்க்க, காலை மாத்திரை போடுவதற்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். எட்டு மணிக்கு மாத்திரை நேரம். ரத்தப் பரிசோதனை நிலையம் திறப்பதோ எட்டரை. நேரம் தவறக் கூடாதே என்று நல்ல பிள்ளையாக மாத்திரையைப் போட்டுவிட்டுப் போய்க் கையை நீட்டுவார்கள். அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். சென்னையில் அதைப் பார்ப்பவர் மருந்தைக் குறைப்பார். இரண்டு வாரத்தில் கிரியேட்டினின் ஏறி நிற்கும். அன்று மட்டும் மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகட்டும், ரத்தம் எடுத்த கையோடு அங்கேயே விழுங்கட்டும். மன்னை எக்ஸ்பிரஸில் போய் எழும்பூரில் இறங்கி நேராக மருத்துவமனைக்குப் போகும் நாட்களிலும் இதே முறைதான். மாத்திரைப் பை கைப்பையில் இருக்க வேண்டும், இருக்கைக்கு அடியில் தள்ளும் பெட்டியில் அல்ல.

மருந்துக் கடையில் அந்த கம்பெனி இல்லை, இது அதேதான் என்று வேறு கம்பெனி டாக்ரோலிமஸைக் கொடுத்தால், குழுவிடம் கேட்காமல் மாற்றாதீர்கள். ஐப்பசிக்கு முன்பே இரண்டு வார மருந்து கூடுதலாக வீட்டில் இருக்கட்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகு நம் பகுதியில் சாலையும் மின்சாரமும் எத்தனை நாள் இல்லாமல் இருந்தன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காய்ச்சல், உடம்பு வலி என்று பக்கத்து கிளினிக்கில் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. அது சிறுநீரகத்தை நேரடியாகத் தாக்கும். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகள் டாக்ரோலிமஸை அபாயமான அளவுக்கு ஏற்றிவிடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அதை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். எந்தப் புது மருந்தையும் குழுவுக்கு ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பிறகே தொடங்குங்கள். எதிர்ப்பு சக்தி கூடும் என்று யாராவது சீந்தில், அமுக்கரா, கபசுரக் குடிநீர் என்று கொண்டுவந்து தந்தால் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுங்கள். தம்பிக்குக் கூடக் கூடாதது அந்தச் சக்திதான்.

வயலுக்குப் போவது பற்றி: குறுவை நடவு நேரத்தில் சேற்றில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம். எலிக் காய்ச்சல் தேங்கிய வயல் நீரில்தான் காத்திருக்கிறது. நீரிழிவுள்ள பாதத்தில் சிறு வெடிப்பு போதும் அது உள்ளே நுழைய. வரப்பில் நின்று வேலை வாங்கட்டும், கணக்குப் பார்க்கட்டும். முதல் ஆண்டு முடிந்து குழு மருந்தைக் குறைத்த பிறகு, உயரக் காலணியோடு இறங்குவதைப் பற்றிப் பேசலாம்.

இன்சுலின் அளவு டயாலிசிஸ் காலத்தைவிடக் கூடியிருக்கும். உடல் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். இன்சுலினைச் சிதைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நல்ல சிறுநீரகம் வந்ததும் இன்சுலின் வேகமாகக் கரைகிறது, ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் தேவையைக் கூட்டுகின்றன. தம்பிக்குச் சர்க்கரை தாழ்வது முன்கூட்டியே தெரிவதில்லை என்றால், தோலில் ஒட்டித் தொடர்ந்து அளவு காட்டும் சென்சாரைப் பற்றிக் கேளுங்கள். கணையம் போனதை மட்டும் நினைத்துக்கொண்டிருக்கும் வீட்டில் இதையும் சொல்ல வேண்டும்: இந்த அறுவையால் கிடைக்கும் ஆயுளில் பெரும்பங்கு சிறுநீரகம் தருவது. அது அவரிடம் இருக்கிறது.

மறுபடி கணையம் வைக்க முடியுமா என்றால், முடியும். சிறுநீரகம் ஏற்கெனவே வேலை செய்பவருக்குக் கணையத்தை மட்டும் பொருத்துவது நடைமுறையில் உள்ள சிகிச்சைதான். இரண்டையும் சேர்த்து வைக்கும்போது, அனுபவம் மிக்க மேல்நாட்டு மையங்களில் நூற்றில் ஏறத்தாழ தொண்ணூறு கணையங்கள் ஓராண்டு முடிவில் வேலை செய்கின்றன. தனியாக வைக்கும் கணையத்தில் நிராகரிப்பு அதைவிடக் கூடுதல், இரண்டாம் முறை என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதனால்தான் முதல் கணையம் ஏன் போனது என்ற விடை தேவைப்படுகிறது. அது வெறும் உறைவு என்றால் அடுத்த முறை கொடையாளர் தேர்விலும் ரத்த ஓட்டத்திலும் கவனம் போகும். ஆன்டிபாடி என்றால், தம்பி எதிர்க்கும் எச்.எல்.ஏ. அடையாளங்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் கொண்ட கொடையாளரைத் தவிர்க்க வேண்டும். முதல் நாள் மருந்துத் திட்டமே வேறாக இருக்கும். காரணம் தெரியாமல் அவசரமாக இரண்டாவதை வைக்க யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். சிறுநீரகம் நிலைபெற்று, ஆன்டிபாடி விவரம் கையில் வந்த பிறகு, மருத்துவமனை வழியாகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்புப் பட்டியலில் பதிவு செய்வதைப் பற்றிப் பேசலாம்.

உங்கள் கணையத்தில் பாதி? இந்தக் கேள்வியைக் கேட்ட மனதுக்கு வணங்குகிறேன், பதில் வேண்டாம் என்பதுதான். உயிரோடு இருப்பவரின் கணையத்தின் வால்பகுதியை எடுத்து வைப்பதை 1979இலேயே மின்னசோட்டாவில் தொடங்கினார்கள். தந்தவர்களிலேயே சிலருக்குப் பின்னாளில் நீரிழிவு வந்தது, அதனால் இன்று உலகில் எங்கும் அது மிக அரிது. முதல் வகை நீரிழிவுள்ளவரின் உடன்பிறந்தவர் என்பதால் உங்களுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஒத்த இரட்டையர்களிடையே இப்படிச் செய்தபோது நிராகரிப்பு வரவில்லை. ஆனால் உடலின் எதிர்ப்பை ஒடுக்கும் மருந்து இல்லாத நிலையில் பழைய நீரிழிவு நோயே திரும்பி வந்து, புதிய கணையத்தின் இன்சுலின் செல்களை மட்டும் அழித்துவிட்டது. ரத்த உறவு என்பதாலேயே தம்பியின் உடல் உங்கள் கணையத்தை விட்டுவைக்கும் என்று எண்ண முடியாது. நீங்கள் தர முடிந்தது ஒன்று இருக்கிறது: தம்பிக்கு மருந்து நேரத்தை நினைவூட்டும் பொறுப்பை அம்மாவிடமிருந்து வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவர் கொஞ்ச நாள் தூங்கட்டும்.

பதிவேடுகள் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். ஆன்டிபாடி சோதனைத் தாளில் எண்கள் உள்ள பக்கத்தையும், நோய்க்குறியியல் அறிக்கையின் கடைசிப் பக்கத்தையும் தெளிவாகப் படமெடுத்து இணையுங்கள். ஆன்டிபாடி இருக்கிறது என்று வந்தால் என் பதிலுக்குக் காத்திருக்காமல் அன்றே சென்னைக் குழுவை அழையுங்கள்.